கண்ணை மூடினால் தெரிகிற பிள்ளை

ஈரப் புடவையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் எனக்கு இன்றைக்கும் பிடிப்பதில்லை. சோளிங்கர் சின்ன மலை மண்டபத்தில் பெண்கள் வரிசையாகப் படுத்துக் கிடப்பார்கள். குளத்தில் முழுகி, உடுத்த புடவையைப் பிழியாமல் அப்படியே மலையேறி வந்து, கல் தரையில் மல்லாந்து கண்ணை மூடிக்கொள்வார்கள். ஒருத்தி வாய்க்குள் முணுமுணுப்பாள். பேய் பிடித்ததாகச் சொல்லிக் கூட்டி வந்த இன்னொருத்தி தலைமயிரைச் சுழற்றிக்கொண்டு உறுமுவாள். அந்த வரிசையின் கடைசியில் என் ஓரகத்தி கிடந்தாள். என் வீட்டுக்காரருடைய அண்ணன் பெண்டாட்டி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். நான் அவள் தலைமாட்டில் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு குரங்கு விரட்டிக்கொண்டிருந்தேன். குரங்கை எங்கே பார்த்தேன்? மூடிய அவளுடைய இமைகளைத்தான் பார்த்தேன். உள்ளே விழி இப்படியும் அப்படியும் ஓடிக்கொண்டிருந்தது. எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவளுடைய கண் அப்படித்தான் ஓடும்.

அந்த மலையைப் பற்றி எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. பிள்ளையில்லாதவர்களும் தீராத நோய்க்காரர்களும் ஒரு மண்டலம் அடிவாரத்திலேயே தங்கி இப்படி முழுகி, ஏறி, கண்ணை மூடிக் கிடந்தால் சாமி ஏதாவது காட்டுவார். பழம் காட்டினால் பிள்ளை. பூ காட்டினால் நோய் தீரும். சிலருக்குப் பிள்ளையையே காட்டிவிடுவாராம். கண்டதை, அழைத்துப்போக வரும் வீட்டுப் பெரியவர்களிடம் அடிவாரத்திலேயே சொல்லிவிட வேண்டும். ஒருமுறை சொன்னதை மாற்றிச் சொல்லக் கூடாது. சாமி பேரில் சொன்ன வார்த்தை அல்லவா? குளத்தங்கரையில் தலை துவட்டும்போது பெண்கள் பேசிக்கொள்வதைக் கேட்க வேண்டுமே! 'எனக்கு எலுமிச்சம்பழம்' என்பாள் ஒருத்தி. 'எனக்குத் தொட்டிலே ஆடுச்சு' என்பாள் அடுத்தவள். யாருக்குப் பெரிதாகத் தெரிந்தது என்று சண்டைகூட வரும். அக்கா அந்தப் பேச்சு வந்ததும் புடவைத் தலைப்பை வாயில் கவ்விக்கொண்டு எழுந்து போய்விடுவாள்.

மூன்றாவது வாரமோ என்னவோ, சோறு வடித்துக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு என் கையைப் பிடித்தாள். "எனக்கு ஒன்னுமே தெரியலடி. மூடினா இருட்டுதான். எல்லாருக்கும் தெரியுது, எனக்கு மட்டும் இன்னாத்துக்குடி இருட்டா இருக்குது?" என்றாள். நான் அப்போது கல்யாணமாகி வருஷம் திரும்பாதவள். என்ன சொல்லத் தெரியும் எனக்கு? "நாள் இருக்குது இல்லக்கா, தெரியும்" என்றேன். அவள் கை அடுப்புக்கு முன்னால் இருந்தும் சில்லென்று இருந்தது.

அவள் பயப்பட்டதற்குக் காரணம் இருந்தது. எங்கள் வீடு ஆம்பூருக்கு வெளியே, பாலாற்றங்கரையில். ஆவாரஞ்செடியை வெட்டி வந்து, கொட்டாப்புளிக் கட்டையால் தட்டிப் பட்டை உரித்து, உலர்த்தி, வண்டியில் ஏற்றி, பதனிடும் வேலைக்காகத் தோல் கம்பெனிகளுக்குப் போடுவது குடும்பத் தொழில். ஜெர்மன் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. பட்டாளத்துக்குச் செருப்பும் பூட்ஸும் வேண்டும் என்று தோல் கம்பெனிகள் மூச்சு விடாமல் ஓடின. எங்கள் பட்டைக்குக் கிராக்கி. அக்காவின் புருஷனைப் பெரியவர் என்போம். அவர் வண்டியோடு போனால் கம்பெனி சாயபுவே எழுந்து வந்து பேசுவார். அப்படிச் செழித்த வீட்டில் மூத்த மருமகள் வயிறு திறக்கவில்லை. மாமியாருடைய அண்ணனுக்கு ஒடுகத்தூரில் கல்யாண வயதில் ஒரு மகள் இருந்தாள். நாங்கள் சோளிங்கருக்குப் புறப்பட்ட அன்று மாமியார் வாசலில் நின்று, எனக்கும் தெருவுக்கும் கேட்கும்படி சொன்னார்: "சாமி ஒன்னு காட்டணும். காட்டலைன்னா தை மாசம் எங்கண்ணன் பொண்ணு இந்த வூட்டுக்கு வந்துடுவா. அப்பறம் நீ இருக்கறதும் போறதும் உன் இஷ்டம்."

போவதற்கு அவளுக்கு எந்த இடம் இருந்தது? தாய் தகப்பன் இருவரையும் ஒரே வாரத்தில் காலரா கொண்டுபோய்விட்டது. அண்ணன் தம்பி கிடையாது. இந்த வீட்டை விட்டால் பாலாற்று மணல்தான். இதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலேயே எனக்குத் தெரியும். சின்ன மருமகளுக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்குமா? நாளைக்கு எனக்கும் இதே கதிதானே என்று என் நெஞ்சும் அடித்துக்கொண்டுதான் இருந்தது.

மண்டலம் முடிந்த அன்று மாமியார் ரயிலில் வந்து இறங்கி, அங்கிருந்து மாட்டு வண்டியில் அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தார். இறங்கியதும் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. "இன்னா பார்த்த?" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். இருட்டு என்று சொல்லப்போகிறாள், இங்கேயே ஒப்பாரி வைக்கப்போகிறோம் என்று இருந்தது. அக்காவோ தலையைத் தூக்கி, மடமடவென்று சொன்னாள்: "ஆம்பளப் புள்ள அத்தை. கையில குடுத்தாரு. சூடா இருந்துச்சு. என் வெரலப் புடிச்சிக்கிச்சு." மாமியார் அந்தப் புழுதியிலேயே மலையைப் பார்த்து விழுந்து கும்பிட்டார். எழுந்து அக்காவின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் அவளைத் தொட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ரயிலில் மாமியார் அசந்து தூங்கியதும் அக்கா என் காதோடு சொன்னாள், "பொய் சொல்லிட்டேன்டி." தெரியும் என்றேன். "சாமி மேல பொய் சொல்லிட்டேன்டி" என்றாள் மறுபடியும். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். அந்த ஆயிரத்தில் இந்த மாதிரிப் பொய் சேராது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது. ஊர் வந்து சேரும்வரை அவள் நடுக்கம் நிற்கவில்லை. ஜன்னல் பக்கம் காற்று ஜாஸ்தி என்று மாமியாரிடம் சொல்லிச் சமாளித்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் ஒரு கணக்குப் போட்டாள். எங்களைப் போன்றவர்களுக்குத்தான் அப்படிக் கணக்குப் போடத் தோன்றும். பார்த்தேன் என்று சொன்னது பொய். சரி. ஆனால் சொன்னதை இப்போதாவது பார்த்துவிட்டால்? அதே பிள்ளையை, அதே மாதிரி, கண்ணை மூடினால் நிஜமாகவே தெரிகிற அளவுக்குப் பார்த்துவிட்டால் அப்புறம் அது பொய் இல்லையே! கொஞ்சம் முன்பின்னாகப் பார்த்தேன் என்று சாமியிடம் சொல்லிக்கொள்ளலாம். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. "போக்கா, உனக்குப் பைத்தியம்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

மதியம் பட்டை தட்டுகிற ஆட்கள் சாப்பிடப் போனதும், குவித்து வைத்த பட்டைக்குப் பின்னால் நிழலில் போய் உட்கார்ந்துகொள்வாள். கண்ணை மூடிக்கொள்வாள். மலையில் தெரியாத பிள்ளையை இங்கே உருவாக்க ஆரம்பித்தாள். அதற்கு அவள் பிடித்த வழி தோல் கம்பெனியில் பார்த்தது. பட்டை வண்டியோடு புருஷனுக்குச் சோறு கொண்டுபோகும்போது பார்த்திருக்கிறாள், தோலை முதலில் தண்ணீர்க் குழியில் போடுவார்கள், அப்புறம் சுண்ணாம்புக் குழி, மயிர் வழித்த பிறகு பட்டைக் குழி. ஒன்றைத் தாண்டி ஒன்றுக்குப் போக முடியாது. "ஒரு நாளைக்கு ஒரு குழிதான்டி. அவசரப்பட்டா தோல் வெந்துபூடும்" என்பாள். ஒரு நாள் முழுக்க ஒரு காலின் கட்டைவிரலை மட்டும் பார்ப்பாள். அது அசையாமல் நின்ற பிறகுதான் அடுத்த விரல். சாயங்காலம் விளக்குத் திரி திரிக்கும்போது எனக்குச் சொல்வாள்: "இன்னிக்குக் காது முடிஞ்சிது. மடல் கொஞ்சம் மடிஞ்சி இருக்குது, அவங்கப்பாவுக்கு இருக்கற மாதிரி."

இப்போது என் மகன் வாங்கி வருகிற பத்திரிகையில் யாரோ எழுதுகிறார்: எதை அடைய ஆசைப்படுகிறாயோ அதைக் கண்ணை மூடி மனத்திரையில் தினமும் பார், நிச்சயம் கைகூடும் என்று. நான் மிஷன் பள்ளியில் நாலாவது வரை படித்தவள்; எழுத்துக் கூட்டி அதை இரண்டு தரம் படித்தேன். எழுதியவர் நல்ல மனுஷராகத்தான் இருப்பார். ஆனால் அப்படிப் பார்க்கிற ஒருத்தியின் பக்கத்தில் அவர் உட்கார்ந்ததில்லை என்று தெரிந்தது. நான் உட்கார்ந்திருக்கிறேன். காலும் கையும் காதும் தலைச்சுழியும் முடிந்து, முகத்துக்கு வந்தபோது அவளுக்கு முகம் வரவில்லை. "முதுகைக் காட்டிக்கினு உட்கார்ந்துக்கினு இருக்கறான்டி. கூப்ட்டா திரும்பமாட்றான்" என்றாள். பட்டப்பகல். ஆட்கள் கொட்டாப்புளி போடுகிற சத்தம் டக்டக்கென்று கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் நான் எழுந்து மாமியாருக்குப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டேன். இருண்டதெல்லாம் பேயாகத் தெரியும் வயசு எனக்கு. இருட்டே இல்லாத இடத்தில் பயப்பட வைத்துவிட்டாள் அவள்.

அந்த மாதம் அவள் குளிக்கவில்லை. அடுத்த மாதமும் குளிக்கவில்லை. வீடே தலைகீழாகிவிட்டது. மாமியார் தெருத் தெருவாகப் போய், "எங்க பெரிய மருமவளுக்கு சாமி கையிலயே குடுத்துச்சு" என்று சொல்லிவிட்டு வந்தார். பெரியவர் வண்டி மாட்டுக்குப் புதுச் சலங்கை கட்டினார். பையனுக்கென்று வெள்ளி அரைஞாண் செய்து, மஞ்சள் துணியில் முடிந்து, மாமியார் தன் பெட்டியில் வைத்துக்கொண்டார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். இவளுக்கு வயிற்றிலேயே கனம். "பொய்யில வந்த கருடி இது. சாமி பாதி வழியில புடுங்கிக்கும்" என்பாள். அதனால் இன்னும் பிடிவாதமாகக் கண்ணை மூடினாள். சோறு பரிமாறுகிறபோதும் ஒரு நிமிஷம் மூடுவாள். ஒரு நாள் அடுக்களைக்கு ஓடி வந்து என் தோளைக் குலுக்கினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. "திரும்பிட்டான்டி! என்னைப் பார்த்துட்டான்!" அன்றிலிருந்து அவனுக்கு நைனா என்று பெயர். வயிற்றைத் தடவியபடி நைனா, நைனா என்று பேசிக்கொண்டே இருப்பாள். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லையே. அவள் அவனைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் அவன் எங்கோ ஏற்கெனவே பிறந்து வளர்ந்துகொண்டிருப்பதுபோலத் தோன்றும்.

பிரசவம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில். பக்கத்துத் தெரு மருத்துவச்சி பீபிதான் பார்த்தார். கஷ்டமில்லாத பிரசவம். குழந்தை அழுத சத்தம் கேட்டதும் மாமியார் வெளியே பித்தளைத் தட்டோடு தயாராக நின்றார், தட்டி ஊருக்குச் சொல்ல. பீபி எட்டிப் பார்த்து, "பொண்ணும்மா. மகாலட்சுமி" என்றார். தட்டு மாமியார் கையிலேயே நின்றது. பிறகு மாமியார் உள்ளே வந்தார். "சாமி பொய் சொல்லாது. நீ இன்னா தப்பு பண்ண? இன்னாத்த மாத்திட்ட?" என்று கேட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

அதைவிடப் பெரிய பயம் அக்காவிடமிருந்து வந்தது. பீபி குழந்தையைத் துடைத்து அவள் பக்கத்தில் விட்டார். அக்கா தலையைத் திருப்பிப் பார்த்தாள். அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். "இது யாரு புள்ள?" என்றாள். "உன் பொண்ணுதான்க்கா" என்றேன். "நைனா எங்க?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மார்பில் பால் கட்டிக் கல்லாகி, ரவிக்கை நனைந்து, வலியில் முனகினாளே தவிர, குழந்தையைத் தொடவில்லை. பக்கத்தில் கொண்டுபோனால் கையால் தள்ளினாள். "என் புள்ளைக்கு வெச்சிருக்குது. யார் யாருக்கோ குடுக்கச் சொல்றீங்களே" என்றாள். இதை அவள் திமிரில் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியாமல் சொன்னாள். கண்ணை மூடி மூடி ஒரு முகத்தை அப்படிப் பதிய வைத்துக்கொண்டவளுக்கு, கண்ணைத் திறந்தால் தெரிகிற முகம் அந்நியமாகிவிட்டது.

சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தோம். ஆட்டுப் பாலைத் துணித் திரியில் நனைத்து வாயில் விட்டோம். பச்சைக் குழந்தை, கக்கிவிட்டது. மறுநாள் அழுகை சுருதி குறைந்துபோயிற்று. அதற்கும் மறுநாள் அழுவதற்கு வாயைத் திறக்கும், சத்தம் வராது. பீபி வந்து பார்த்துவிட்டு, "தாய்ப் பால் இல்லாம இது தாங்காது. பேஜார் பண்ணாம எப்படியாவது குடுக்க வைங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். ஏன் என்னிடம் சொன்னார் என்று அடுக்களைக்குப் போனதும் புரிந்தது. மாமியார் அடுப்பைப் பார்த்தபடி, தனக்குத்தானே பேசுகிற மாதிரி சொன்னார்: "அது பாட்டுக்குப் போவட்டும். இது வழி விட்டாதான் பின்னால அவன் வருவான்."

அவர் கெட்டவர் இல்லை. இதை நான் சத்தியமாகச் சொல்வேன். எனக்குக் காய்ச்சல் வந்தபோது மடியில் போட்டுப் பார்த்துக்கொண்டவர். சாமி காட்டிய பிள்ளை வழியில் நிற்கிறது, இது குறுக்கே கிடக்கிறது என்று மனப்பூர்வமாக நம்பினார். நம்பிக்கைக்காரர்கள்தான் பயங்கரமானவர்கள் என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. பெரியவரோ சேதி கேட்ட அன்றே பட்டை வெட்டுகிற ஆட்களோடு காட்டுப் பக்கம் போனவர், அதுவரை வீடு திரும்பவில்லை. என் வீட்டுக்காரர் அம்மா பேச்சுக்கு மறுபேச்சுப் பேசத் தெரியாதவர். அந்தக் குழந்தைக்கு அந்த வீட்டில் நான் ஒருத்திதான். நானோ பிள்ளை பெறாதவள், பாலில்லாதவள்.

உச்சி வேளை. மாமியார் குளிக்கப் போயிருந்தார். குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். அக்காவைத் திட்டி எழுப்பலாம் என்றுதான் போனேன். 'நீ பார்த்தது பொய், உன் நைனா பொய்' என்று கன்னத்தில் அறைந்தாவது சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அது முடியாது என்று தெரிந்தது. அந்தப் பையனை அவளிடமிருந்து பிடுங்கினால் அவளும் கூடவே போய்விடுவாள். "அக்கா, கண்ணை மூடிக்கோ" என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. உடனே மூடிக்கொண்டாள். மூடுவதற்குத்தான் பழகியவளாயிற்றே. "நைனா தெரியறானா?" என்றேன். "தெரியறான்" என்றாள். "பசிக்குதாம்க்கா அவனுக்கு. அழுவறான் பாரு." அவள் ரவிக்கை முடிச்சைத் தானாகவே அவிழ்த்தாள். நான் பெண் குழந்தையை அவள் மார்பில் வைத்தேன்.

குழந்தைக்கு முதலில் பற்றத் தெரியவில்லை. தெம்பு இல்லை. நான் அதன் தாடையை விரலால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். சோளிங்கர் சாமியைக் கூப்பிட மட்டும் பயமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் குழந்தையின் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. அப்புறம் இன்னொரு முறை. அக்காவின் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று, வாயோ சிரித்துக்கொண்டிருந்தது. "என் ராஜா, என் நைனா, எவ்ளோ பசி பாரு" என்று கொஞ்சினாள். இந்த நிமிஷம் இவள் கண்ணைத் திறந்துவிட்டால் குழந்தையைத் தூக்கி எறிந்துவிடுவாளோ என்று அவள் இமைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் ஆயுளில் அவ்வளவு நீளமான மத்தியானம் வேறு கிடையாது.

அன்றிலிருந்து அப்படித்தான். மாமியாரும் குறுக்கே வரவில்லை. குழந்தைக்குப் பசி வந்தால் நான் போவேன், கதவைச் சாத்துவேன், "மூடிக்கோக்கா" என்பேன். குழந்தை இருளில்லாத அறையில், தன்னைப் பார்க்காத தாயிடம் பால் குடித்து, சதை பிடித்தது. எத்தனை வாரம் போயிற்றோ தெரியாது. ஒரு நாள் பால் குடித்துக்கொண்டே அது காலால் அவள் வயிற்றில் உதைத்தது. அக்கா கண்ணைத் திறந்துவிட்டாள். கையை நீட்டிக்கொண்டு ஓடினேன், குழந்தையைப் பிடித்துக்கொள்ள. அவள் எறியவில்லை. மறுபடி மூடவும் இல்லை. சின்னக் காதை ரொம்ப நேரம் பார்த்தாள். மடலைத் தொட்டாள். "இவளுக்கும் மடிஞ்சிதான் இருக்குது" என்றாள். அவ்வளவுதான். மறுநாள் கையைப் பார்த்தாள். ஒவ்வொன்றாகத்தான் பார்த்தாள், அவசரப்படாமல். முகத்துக்கு வர நாளாயிற்று. வந்துவிட்டாள்.

சாமி காட்டிவிட்டார் என்று முந்தின தையில் அந்தப் பேச்சு எழவில்லை. பெண் பிறந்த பிறகு அடுத்த தை வந்தது. ஒடுகத்தூர்ப் பெண் வரவில்லை. அவளுடைய தகப்பனே மறுத்துவிட்டார்: "சாமி புள்ள குடுக்கறேன்னு வாக்குக் குடுத்த வூட்டுல குறுக்க எம்பொண்ணைக் குடுத்தா தெய்வக் குத்தம் ஆயிடும். பையன் வருவான், காத்துக்கினு இருங்க." மாமியாரும் ஒப்புக்கொண்டார். சாமி வாக்கு பொய்க்காது அல்லவா? வீடு முழுக்கக் காத்திருந்தது. எனக்கு இரண்டு பையன்கள் பிறந்தார்கள். அக்காவுக்கு அதற்கப்புறம் பிறக்கவே இல்லை. மாமியார் அந்த மஞ்சள் துணி முடிச்சைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு, காத்திருந்தபடியே போய்ச் சேர்ந்தார். அந்த ஒரு பொய்தான் என் ஓரகத்தியைக் கடைசி வரை அந்த வீட்டில் வைத்தது. நல்லது என்பதா, கெட்டது என்பதா, எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பெண் ஓடியாடி வளர்ந்தாள். வாய்த் துடுக்கில் என்னைக் கொண்டிருந்தாள். தாயும் மகளும் நகமும் சதையுமாக இருந்தார்கள். பார்த்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு மட்டும் உள்ளே ஒரு பயம் உட்கார்ந்திருந்தது. பிறந்த அன்று தாய் தன்னை யார் என்று கேட்டது இவளுக்குத் தெரியக் கூடாது. பசித்து வாய் திறந்தபோது யாருக்கோ வைத்த பாலைத்தான் குடித்தாள் என்பது தெரியவே கூடாது. பீபி தெருவில் எதிரே வந்தால் அவளை இழுத்துக்கொண்டு வேறு சந்தில் திரும்புவேன். அவளை ஆற்காட்டில் கட்டிக்கொடுத்து வண்டி ஏற்றிய அன்று, எல்லோரும் அழுதார்கள். நான் அப்பாடா என்று மூச்சு விட்டேன். இனி யார் வாயிலிருந்தும் வராது என்று நினைத்தேன்.

போன ஐப்பசியில் அக்காவுக்கு விஷ ஜுரம். சேதி கேட்டு மகள் வந்தாள். வந்த அன்று மத்தியானம், கஞ்சித் தண்ணீரை ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தாள். அக்கா கண்ணை மூடியபடியே கிடந்தாள். திடீரென்று வாயைக் கோணிக்கொண்டு, "நைனா வந்துட்டானா? நைனாவைக் கூப்புடுங்க" என்றாள். இருபது வருஷமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத பெயர். "ஜுரத்துல ஒளர்றா, நீ போய்ச் சாப்டும்மா, நான் பார்த்துக்கறேன்" என்று அவளைப் பிடித்து எழுப்பினேன். அவள் எழுந்திருக்கவில்லை. என் கையை மெதுவாக விலக்கினாள். தாயின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "வந்துட்டேம்மா. இங்கதான் இருக்கறேன்" என்றாள். அக்காவின் முகம் நிம்மதியாயிற்று. அன்றைக்கு அடுக்களைக்கு ஓடி வந்தபோது அவள் முகத்தில் பார்த்த அதே வெளிச்சம்.

நான் ஏதேதோ உளறினேன். நைனா என்பது அக்காவுடைய தகப்பன் பெயரோ, யாரோ தூரத்துச் சொந்தமோ என்று ஒன்றுக்கொன்று ஒட்டாமல் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு தாயின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "இன்னாத்துக்கு சித்தி இவ்ளோ கஷ்டப்படற? யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா யாரோ இருக்கறாங்கன்னு தெரியும். சின்ன வயசுலேர்ந்து அம்மா என்னை எப்பப் பார்த்தாலும் ஒரு தரம் கண்ணை மூடித் தொறந்துட்டுதான் பார்ப்பாங்க. ஸ்கூல் விட்டு வந்தா, தலை பின்னினா, எப்பவும். மூடற நேரம் என்னுது இல்ல. நான் பேசாம நிப்பேன். தொறந்தா நான்தானே இருப்பேன்."

கூடவே இருந்த எனக்கு அது ஒரு நாளும் கண்ணில் படவில்லை. அவள் அன்றைக்கும் அப்படியே பேசாமல் உட்கார்ந்திருந்தாள். கஞ்சி ஆறிப்போயிற்று. விடிந்து, மறுநாள் வெயில் ஏறி, உள்ளே கட்டில் கால் வரை வந்தது. ஒரு தரம் எழுந்து வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வா என்றேன். "வேணாம் சித்தி. நான் இல்லாத நேரத்துல தொறந்துடுவாங்க" என்றாள். அக்கா கண் திறக்கவே இல்லை.